ஹன்ஸ்ஃபோர்டில் ஒரு மறுப்பு

கென்ட் வட்டாரத்தில் ஹன்ஸ்ஃபோர்ட் என்றொரு சிற்றூர். இங்கிலாந்தின் வரைபடத்தில் தேடிப் பயனில்லை. ஜேன் ஆஸ்டனின் ‘பிரைட் அண்ட் ப்ரெஜுடிஸ்’ நாவலுக்குள்தான் அது இருக்கிறது. அந்த ஊர்ப் பாதிரியார் வீட்டில், ஓர் ஏப்ரல் மாலை, தலைவலி என்று சொல்லித் தேநீர் அழைப்புக்குப் போகாமல் தங்கிவிட்ட எலிசபெத் பென்னட்டின் முன் டார்சி வந்து நிற்கிறான். ஆண்டுக்குப் பத்தாயிரம் பவுண்டு வருமானம் உள்ளவன். அவளுக்கு வரவேண்டியது நான்கு சதவீத வட்டியில் கிடக்கும் ஆயிரம் பவுண்டு. அதுவும் தாயின் காலத்துக்குப் பிறகு. தகப்பனாரின் நிலம் ஆண் வாரிசுக்கு மட்டுமே என்று முன்னோர் எழுதிவைத்தது. அவர் கண்ணை மூடினால் தாயும் ஐந்து பெண்களும் வீட்டைக் காலிசெய்ய வேண்டியதுதான். இந்த நிலையில் இருப்பவள், பெண் கேட்டு வந்தவனைப் பார்த்து, மாட்டேன் என்கிறாள்.

ஆங்கில நாவல் உலகில் இவ்வளவு ஊர் சுற்றிய மறுப்பு வேறொன்று இருக்குமா என்பது சந்தேகம். அதைத் தொடர்ந்து எழுதினார்கள், மேடையேற்றினார்கள், படமாக்கினார்கள். கடந்த முப்பது ஆண்டுகளாக அதை மாற்றியே எழுதிக்கொண்டிருக்கிறார்கள். எலிசபெத் அன்று சம்மதித்திருந்தால்? டார்சி அந்த ஊருக்கே வராமல் போயிருந்தால்? மறுப்பைக் கேட்ட பிறகும் விடாமல் துரத்தியிருந்தால்? ‘வேரியேஷன்’ என்று வாசகர்கள் சொல்லும் இந்த வகை இன்று ஒரு தனிப் புத்தகச் சந்தை. இவற்றில் கணிசமானவற்றைப் படித்தவன் என்ற முறையில் சொல்கிறேன்: ஒரு வேரியேஷன் தேறுமா தேறாதா என்பது, அந்த ஏப்ரல் மாலையை அது என்ன செய்கிறது என்பதில் தெரிந்துவிடும்.

பிறந்த கதையிலிருந்து தொடங்கலாம். 1796 அக்டோபரில், ஹாம்ப்ஷயரின் ஸ்டீவன்டன் கிராமத்துப் பாதிரியார் வீட்டில், இருபது வயதுப் பெண் ஒருத்தி ‘ஃபர்ஸ்ட் இம்ப்ரெஷன்ஸ்’ என்ற நாவலை எழுத ஆரம்பித்தாள். மறு ஆண்டு முடித்தாள். அதே ஆண்டு நவம்பரில் தகப்பனார் ஜார்ஜ் ஆஸ்டன் லண்டன் பதிப்பாளர் கேடலுக்குக் கடிதம் எழுதினார். வேண்டுமானால் அச்சுச் செலவை நாங்களே ஏற்கிறோம் என்ற தொனிகூட அதில் உண்டு. கையெழுத்துப் பிரதியைப் பார்க்காமலே, வேண்டாம் என்று வந்த தபாலிலேயே திருப்பிவிட்டார்கள். ஆக, இந்தக் கதை எதிர்கொண்ட முதல் மறுப்பு அதன் ஆசிரியைக்குக் கிடைத்தது.

இரண்டாவது மறுப்பு அவரே சொன்னது. 1802 டிசம்பர் 2 அன்று, மேனிடவுன் என்ற பெரிய பண்ணை வீட்டில் தோழிகளோடு தங்கியிருந்தபோது, தோழிகளின் தம்பி ஹாரிஸ் பிக்-விதர் ஜேனைப் பெண் கேட்டான். அவனுக்கு வயது 21. அந்தச் சொத்துக்கெல்லாம் வாரிசு. இரவு சம்மதம் சொன்ன ஜேன், விடிந்ததும் சம்மதத்தைத் திரும்பப் பெற்றுக்கொண்டு வண்டியேறிவிட்டார். அந்தக் காலத்து மரியாதைச் சட்டத்தில் இதற்கு ஒரு சிறு இடம் இருந்தது. நிச்சயம் ஆன பிறகு ஆண் பின்வாங்கினால் மானக்கேடு, வழக்குகூட வரலாம். பெண் மனம் மாறலாம். கல்யாணம் முடிந்துவிட்டாலோ கதை வேறு. மனைவியின் பணம் கணவனுடையது, அவள் சம்பாதித்தாலும் அவனுடையது. 1870-இலும் 1882-இலும் வந்த சட்டங்கள்தான் இதை மாற்றின. அதுவரை ஒரு பெண்ணின் கையில் முழுதாக இருந்த அதிகாரம், கேட்கப்படும் அந்த ஒரு தருணத்தில் மறுக்கும் அதிகாரம் மட்டுமே. ஹன்ஸ்ஃபோர்ட் காட்சியின் சூடு எங்கிருந்து வருகிறது என்று இதை வைத்துப் புரிந்துகொள்ளலாம்.

மேனிடவுனில் மறுத்தபோது ஜேனுக்கு 27 நிறையச் சில நாள்களே இருந்தன. நாவலில் எலிசபெத்தின் தோழி ஷார்லட் லூகஸுக்கும் 27. எலிசபெத் வேண்டாம் என்று ஒதுக்கிய அசட்டுப் பாதிரியார் காலின்ஸை, ஒரு குடித்தனம் வேண்டும் என்ற கணக்கில் ஷார்லட் கட்டிக்கொள்கிறாள். இப்போது அந்த ஏப்ரல் மாலை எங்கே நடக்கிறது என்று பாருங்கள்: காலின்ஸும் ஷார்லட்டும் குடியிருக்கும் வீட்டில். முந்தைய நவம்பரில் எலிசபெத் தலையசைத்திருந்தால் அந்த வீட்டுக்கு அவள்தான் எஜமானி. தான் போயிருக்கக்கூடிய வேறொரு வழியின் உள்ளேயே நின்றுகொண்டு அவள் டார்சியை மறுக்கிறாள். மாற்றுப் பாதை என்ற யோசனையை நாவலுக்குள் கொண்டுவந்தது பின்னால் வந்த யாரும் இல்லை, ஆஸ்டனே கொண்டுவந்து வைத்துவிட்டார்.

1809-இல் சாட்டன் கிராமத்து வீட்டுக்குக் குடிபோன பிறகு பழைய பிரதியை எடுத்து வெட்டிச் செதுக்கினார். அந்தப் பழைய வடிவம் இன்று எங்கும் இல்லை. 1812 நவம்பரில் பதிப்பாளர் எகர்ட்டனுக்கு உரிமையோடு விற்றார். கேட்டது 150 பவுண்டு, கிடைத்தது 110. 1813 ஜனவரி 28 அன்று மூன்று தொகுதிகளாக வெளிவந்தது. விலை 18 ஷில்லிங். ஆசிரியர் பெயர் போடவில்லை. அந்த ஆண்டே இரண்டாம் பதிப்பு வந்தது. உரிமையை விற்றுவிட்டதால் அதில் ஆஸ்டனுக்குச் சல்லிக்காசு வரவில்லை.

அச்சேறிய நான்கே மாதத்தில் முதல் தொடர்கதையும் பிறந்துவிட்டது. அதை எழுதியவரும் ஆஸ்டன்தான். மே மாதம் லண்டனில் ஓர் ஓவியக் கண்காட்சிக்குப் போனவர், அங்கே தொங்கிய உருவப்படம் ஒன்று, டார்சியின் நண்பன் பிங்லிக்கு மனைவியாகிவிட்ட எலிசபெத்தின் அக்கா ஜேன் பென்னட்டை அச்சாக உரித்துவைத்திருக்கிறது என்று அக்காவுக்குக் கடிதம் எழுதினார். எலிசபெத்தின் படத்தையும் தேடியிருக்கிறார், அகப்படவில்லை. டார்சி அதை ஊரார் கண்ணில் காட்ட விரும்பியிருக்க மாட்டான் என்று காரணமும் சொல்லிக்கொண்டார்! வீட்டுப் பிள்ளைகள் கேட்டால் மற்றச் சகோதரிகளின் பிற்காலத்தையும் சொல்வாராம்: கிட்டிக்கு டார்சியின் மாளிகையான பெம்பர்லி பக்கத்தில் ஒரு பாதிரியார் வரனாக அமைந்தார், மேரிக்கு, தாயின் சகோதரியுடைய கணவரிடம் வேலை பார்த்த குமாஸ்தாவுக்கு மேல் கிடைக்கவில்லை. மருமகன் ஜேம்ஸ் எட்வர்ட் ஆஸ்டன்-லீ 1869 கடைசியில் வெளியிட்ட நினைவுநூலில் இது இருக்கிறது. கதை முடிந்த பிறகும் பாத்திரங்களை வீட்டில் உலவவிட்ட ஆசிரியை இருக்கும்போது வாசகர்களைக் குறை சொல்வானேன்?

அதே 1813-இல், ஜெனீவாவிலிருந்து வந்த ‘பிப்லியோதெக் பிரிட்டானிக்’ என்ற இதழ் நாவலின் பகுதிகளைப் பிரெஞ்சில் வெளியிட்டது. நல்ல குடும்பத்துப் பெண்கள் படிப்பதற்கு ஏற்றவாறு எலிசபெத்தின் துடுக்குப் பேச்சு அதில் அடக்கிவாசிக்கப்பட்டது. வெளிவந்த ஆண்டிலேயே அவள் வாயைக் கட்டத் தொடங்கிவிட்டார்கள்.

1817-இல் ஆஸ்டன் இறந்தார். பெண்ட்லி என்ற பதிப்பாளர் எகர்ட்டனின் வாரிசுகளிடமிருந்து இந்த நாவலின் உரிமையை 40 பவுண்டுக்கு வாங்கி 1833-இல் மலிவுப் பதிப்பில் சேர்த்தார். சில ஆண்டுகளில் உரிமைக் காலமும் முடிந்து நாவல் பொதுச்சொத்தானது. இன்றைய வேரியேஷன்களுக்கெல்லாம் சட்டப்படியான அடித்தளம் அதுதான். ஆனால் அடுத்த நூறு ஆண்டுகள் யாரும் மூலத்தைத் தொடத் துணியவில்லை. 1913-இல் சிபில் பிரின்டன் எழுதிய ‘ஓல்ட் ஃப்ரெண்ட்ஸ் அண்ட் நியூ ஃபேன்சீஸ்’, ஆஸ்டனின் ஆறு நாவல்களின் பாத்திரங்களையும் ஒரே கதையில் சந்திக்கவைத்தது. அதில் டார்சி தம்பதி பெம்பர்லியில் நிம்மதியாகக் குடும்பம் நடத்துகிறார்கள், மற்றவர்களுக்குக் கல்யாணம் கூட்டிவைக்கிறார்கள். 1949-இல் போனவியா-ஹன்ட் எழுதிய ‘பெம்பர்லி ஷேட்ஸ்’ கதையும் கல்யாணத்துக்குப் பிந்தியதே. மறுப்பு மறுப்பாகவே பத்திரமாக இருந்தது.

தொட்டது நாடகமும் சினிமாவும். 1935-இல் ஹெலன் ஜெரோமின் நாடகம் நியூயார்க்கில் மேடையேறியது. அதை ஒட்டி 1940-இல் எம்ஜிஎம் எடுத்த படத்தில் கிரீர் கார்சனும் லாரன்ஸ் ஒலிவியரும் நடித்தார்கள், திரைக்கதையில் ஆல்டஸ் ஹக்ஸ்லியின் கையும் இருந்தது. உடுப்பெல்லாம் ஒரு தலைமுறை பிந்திய மோஸ்தரில் புஸ்ஸென்று உப்பியிருக்கும். அது போகட்டும். மறுப்பைக் கேட்ட மறுநாள் காலை டார்சி நீட்டும் நீண்ட கடிதம் அந்தப் படத்தில் இல்லை. பெம்பர்லிப் பயணமும் இல்லை. டார்சியின் தாயுடன் பிறந்தவளான லேடி கேதரின் கடைசியில் நல்லவளாகி, இருவரையும் சேர்த்துவைக்கிறாள். மூலத்தில் எலிசபெத் அந்தக் கடிதத்தைத் திரும்பத் திரும்பப் படித்து, தன் கணிப்பு எங்கே பிசகியது என்று தனியாக நடந்து யோசிக்கும் அத்தியாயம் இருக்கிறதே, நாவலின் முதுகெலும்பு அதுதான். அதை உருவிவிட்டால் மிச்சமிருப்பது ஊடலும் கூடலும்.

நாடகம் வந்த அதே 1935-இல் ஜார்ஜெட் ஹேயர் ‘ரீஜென்சி பக்’ நாவலை வெளியிட்டார். இளவரசர் ஜார்ஜ் தன் தந்தைக்குப் பதிலாக ஆட்சி நடத்திய 1811 முதல் 1820 வரையிலான காலமே ரீஜென்சி. அந்தக் காலத்து வண்டிகள், கழுத்துத் துணி முடிச்சுகள், சூதாட்ட விடுதிகள், பிரபுக்களின் கொச்சைப் பேச்சு என்று எல்லாவற்றையும் ஹேயர் ஆராய்ந்து, காதல் கதைக்கென ஓர் உலகத்தையே கட்டினார். ‘ரீஜென்சி ரொமான்ஸ்’ என்ற சரக்கு அவர் பட்டறையில் உருவானது. தன் காலத்துக்குள்ளேயே இருந்து எழுதிய ஆஸ்டனுக்கு அந்த அலங்காரம் எதுவும் தேவைப்படவில்லை. அவருடைய நாயகர்களில் டியூக் ஒருவர்கூடக் கிடையாது. இன்றைய வேரியேஷன்களில் டார்சி கத்திச்சண்டைக்குப் போவதும் டியூக்கின் உறவினனாக இருப்பதும் ஹேயர் வீட்டுச் சீதனம்.

பிறகு 1995. ஆண்ட்ரூ டேவிஸ் எழுதி பிபிசி ஆறு பகுதிகளாக ஒளிபரப்பிய தொடரில், காலின் ஃபெர்த் குளத்தில் குதித்து நனைந்த சட்டையோடு எலிசபெத்தின் எதிரே வந்தார். நாவலில் குளமும் இல்லை, குதியலும் இல்லை. ஆனாலும் 2013-இல் அந்த ஈர டார்சிக்கு லண்டன் சர்ப்பன்டைன் ஏரியில் 12 அடி உயரத்தில் சிலை வைத்துவிட்டார்கள். டேவிஸ் செய்த உண்மையான காரியம் வேறு: எலிசபெத் இல்லாத இடங்களில் டார்சி என்ன செய்கிறான் என்று காட்டினார். ஆஸ்டன் அதைப் பெரும்பாலும் எழுதுவதில்லை. பெண்கள் இல்லாத அறையில் ஆண்கள் என்ன பேசினார்கள் என்ற பக்கம் அவர் அநேகமாகப் போகமாட்டார். நவம்பர் கடைசியில் எலிசபெத்தின் வட்டாரமான ஹார்ட்ஃபோர்ட்ஷயரை விட்டுக் கிளம்பும் டார்சி, வசந்தத்தில் கென்ட்டில் தென்படும்வரை கதையில் கண்ணுக்கே அகப்படுவதில்லை. நூலகரான பமேலா எய்டன் 2003 முதல் மூன்று புத்தகங்களாக டார்சியின் பக்கத்துக் கதையை எழுதியபோது, நடுப் புத்தகம் முழுவதையும் அந்த வெற்று மாதங்களுக்கே கொடுத்தார்.

இதன் பிறகு மடை திறந்தது. மருத்துவரான அபிகெயில் ரெனால்ட்ஸ் எழுதிய ஒரு நாவலில், மறுப்பு வாங்கிய டார்சி ஒதுங்கிப்போகாமல் எலிசபெத்தின் ஊருக்கே வந்து மனத்தை வெல்லப் பார்க்கிறான். அவருடைய மற்றொரு நாவலான ‘த லாஸ்ட் மேன் இன் த வேர்ல்ட்’ இன்னும் கூர்மையானது. அதில் எலிசபெத் ஊர்வாய்க்கு அஞ்சிச் சம்மதித்தாக வேண்டிய நிலை. மனம் பொருந்தாவிட்டாலும் கல்யாணம் நடந்துவிடுகிறது. வாய்திறந்து சொல்ல முடியாமல் போன மறுப்பைப் பெம்பர்லிக்குள் சுமந்துகொண்டு அவள் நடமாடுகிறாள். இந்த வகையில் வந்தவற்றில் எனக்குப் பிடித்தவற்றுள் ஒன்று. மறுப்பைக் கதையிலிருந்து எடுத்துவிட்டு, எடுத்ததன் விலையைக் கணக்குப் பார்க்கிறது.

மாற்றி எழுதுபவர்களுக்குத் தோதான இடங்களை ஆஸ்டனே வரிசையாக விட்டுப்போயிருக்கிறார். அவருடைய கதை தற்செயல்களால் நகர்வது. அக்கா ஜேன் குதிரையில் போகும்போது மழை பிடிக்காவிட்டால் காய்ச்சல் இல்லை, எலிசபெத் மூன்று மைல் சேற்றில் நடந்து பிங்லி குடியிருக்கும் நெதர்ஃபீல்டுக்கு வரவும் வேண்டாம். ஜேனிடமிருந்து பிங்லியைப் பிரித்தது டார்சிதான் என்று டார்சியின் உறவினன் கர்னல் ஃபிட்ஸ்வில்லியம் அன்று உளறியிருக்காவிட்டால் அந்த மாலைக் கோபத்தில் பாதி குறைந்திருக்கும். எலிசபெத்தின் மாமாவுக்கு வியாபார வேலை நீண்டதால்தான் ஏரிப் பிரதேசத்துக்குப் போகவேண்டிய சுற்றுலா, பெம்பர்லி இருக்கும் டெர்பிஷயரோடு நின்றது. விலாசம் கோணலாக எழுதப்பட்டதால் ஜேனின் முதல் கடிதம் தாமதமாகி, தங்கை லிடியா ஓடிப்போன சேதி இரண்டு கடிதங்களாக ஒரே நேரத்தில் வந்து சேர்ந்தது. அந்த நேரம் பார்த்து டார்சி உள்ளே நுழைகிறான். இதில் ஏதாவது ஒன்றைத் தள்ளிவைத்தாலே ஒரு வேரியேஷன் தயார். நெதர்ஃபீல்டு நடனம் நவம்பர் 26, செவ்வாய்க்கிழமை என்று நாவலில் வருவதை 1811-ஆம் ஆண்டு நாள்காட்டியோடு பொருத்தி, நாள் கணக்குப் பிசகாமல் எழுதுபவர்களும் உண்டு.

ஆனால் இந்த நிகழ்ச்சிகள் எல்லாம் தற்செயல் என்றால், எலிசபெத் ‘மாட்டேன்’ என்பது தற்செயல் இல்லை. மூன்று முறை சொல்கிறாள். காலின்ஸிடம், டார்சியிடம், பிறகு தன் வீடான லாங்போர்னின் தோட்டத்தில் லேடி கேதரினிடம். டார்சியைக் கட்டிக்கொள்ள மாட்டேன் என்று வாக்குக் கொடு எனக் கிழவி மிரட்ட, கொடுக்க முடியாது என்கிறாள். அந்த மூன்றாவது மறுப்பு டார்சியின் காதுக்குப் போய்த்தான் அவனுக்கு நம்பிக்கை துளிர்க்கிறது. மழையை நிறுத்தலாம், கடிதத்தைத் தொலைக்கலாம். அவளுடைய இந்தக் குணத்தைத் தொட்டால் கதையில் இருப்பது எலிசபெத் என்ற பெயர் கொண்ட வேறு யாரோ.

சந்தையில் குவியும் வேரியேஷன்களில் பெரும்பாலானவை செய்வது இதைத்தான். டார்சி முதலிலேயே பணிவானவன், உளறல் எல்லாம் அவன் கூச்சம். எலிசபெத்துக்கோ ஆரம்பத்திலிருந்தே உள்ளூர ஆசை. குற்றமெல்லாம் பிங்லியின் தங்கை தலையில். யாரும் யாரிடமும் தோற்கவேண்டியதில்லை, திருந்தவேண்டியதில்லை. முந்நூறு பக்கம் வெல்லப்பாகு. நேரம் போக்கப் படிக்கலாம், நானும் படிக்கிறேன். மறு வாரம் அதன் பெயர் நினைவிருக்காது.

கேலியாக எழுதப்பட்டவை சில சமயம் மூலத்துக்கு அதிக விசுவாசமாக இருக்கின்றன. 2009-இல் சேத் கிரஹாம்-ஸ்மித் பிணப் பேய்களைக் கொண்டுவந்து நுழைத்த நாவலில், ஹன்ஸ்ஃபோர்ட் காட்சி கைகலப்பாகவே நடக்கிறது. எலிசபெத் விட்ட உதையில் டார்சி கணப்பு மாடத்தில் போய் மோதுகிறான். மூலத்தில் பேச்சால் விழுந்த அடி இங்கே காலால் விழுகிறது, அவ்வளவே. 2013-இல் ஜோ பேக்கர் எழுதிய ‘லாங்போர்ன்’ வேறு திக்கில் போயிற்று. சேற்றில் நடந்து வந்த எலிசபெத்தின் பாவாடையைத் துவைத்தது யார் என்று கேட்டு, பென்னட் வீட்டு வேலைக்காரப் பெண் சேராவின் கதையைச் சொல்கிறது. வெந்நீரிலும் காரத்திலும் வெடித்த கைகளின் கதை. மறுத்துப் பேசும் உரிமைக்கும் ஒரு குறைந்தபட்ச வருமானம் தேவை என்பதை அதைப் படித்த பிறகு மறக்க முடியாது.

தெற்காசியாவுக்கு இந்தக் கதை வந்ததில் வியப்பில்லை. பெண்ணுக்கு வயதாகிறதே என்ற அம்மாவின் புலம்பலை இங்கே யாருக்கும் விளக்கவேண்டியதில்லை. 1985-லேயே தூர்தர்ஷன் இதை ‘த்ரிஷ்ணா’ என்ற இந்தித் தொடராகக் காட்டியது. 2004-இல் குரிந்தர் சட்டாவின் ‘பிரைட் அண்ட் ப்ரெஜுடிஸ்’ படத்தில் (முதல் சொல்லின் பொருள் இங்கே மணப்பெண்) பென்னட் குடும்பம் அமிர்தசரஸுக்குக் குடிபெயர்ந்தது. எலிசபெத்தாக ஐஸ்வர்யா ராய், டார்சி அமெரிக்க ஓட்டல் முதலாளி. அதற்கு நான்கு ஆண்டு முன்பே ஐஸ்வர்யா தமிழில் ஓர் ஆஸ்டன் நாயகியாக நடித்துவிட்டார். ராஜீவ் மேனனின் ‘கண்டுகொண்டேன் கண்டுகொண்டேன்’, ஆஸ்டனின் இன்னொரு நாவலான ‘சென்ஸ் அண்ட் சென்சிபிலிட்டி’யின் செட்டிநாட்டு வடிவம். 2019-இல் சோனியா கமால் ‘அன்மேரியபிள்’ நாவலில் பாகிஸ்தானின் ஒரு கற்பனைச் சிற்றூரில் ஆங்கில ஆசிரியை ஆலிஸ் பினத்தாக எலிசபெத்தை ஆக்கினார். அவள் வகுப்பில் பாடமே இந்த நாவல்தான். உஸ்மா ஜலாலுதீனின் ‘ஆயிஷா அட் லாஸ்ட்’ டொரண்டோ நகரத்து முஸ்லிம் குடும்பங்களுக்குள் நடக்கிறது. ரீஜென்சி உடுப்பைக் கழற்றிய இந்த நாவல்களில், உடுப்பைப் போட்டுக்கொண்ட பல வேரியேஷன்களைவிட அந்த மறுப்பின் கனம் நன்றாகவே தெரிகிறது. மறுத்தால் என்ன நடக்கும் என்ற பயம் அங்கே உண்மையானது.

இத்தனை பேர் ஏன் எழுதிக்கொண்டே இருக்கிறார்கள் என்பதற்கு என் பதில் நாவலின் கடைசிப் பகுதியில் இருக்கிறது. மறுப்பை ஆஸ்டன் வார்த்தைக்கு வார்த்தை எழுதினார். அவன் சொன்னது, அவள் சொன்னது, இருவர் முகமும் நிறம் மாறியது எல்லாம் நம் கண்முன் நடக்கிறது. அக்டோபரில், லாங்போர்ன் பக்கத்து நடைபாதையில், அவன் மறுபடி கேட்டு அவள் சம்மதிக்கும்போதோ, எலிசபெத்தின் பேச்சு நமக்குக் கேட்பதில்லை. என் மனம் மாறிவிட்டது என்று தடுமாறித் தெரிவித்தாள் என்பதாக, ஆசிரியையே இரண்டு வரியில் தன் குரலில் சொல்லி நகர்ந்துவிடுகிறார். முத்தம் கிடையாது. அந்தச் சம்மதத்தின் சொற்களைத்தான் ஆளாளுக்கு எழுதிப் பார்க்கிறார்கள்.

வேரியேஷன் எதையாவது படிக்க எண்ணுபவர்களுக்கு ஒரு வேண்டுகோள். மூல நாவல் இணையத்தில் இலவசமாகவே கிடைக்கிறது. அதன் 34, 35, 36-ஆம் அத்தியாயங்களை, அதாவது மறுப்பு, கடிதம், கடிதத்தைப் படித்த காலை ஆகியவற்றை முதலில் வாசித்துவிடுங்கள். பிறகு கையில் எடுத்த வேரியேஷனில் அதே இடத்துக்கு நேராகப் போய்ப் பாருங்கள். அங்கே எலிசபெத்துக்குச் சொல்ல ஏதாவது இருந்தால் காசு கொடுத்து வாங்குங்கள்.